கண்ணாடியில் இல்லாதவர்கள்: கணினி வரைகலையில் பிரதிபலிப்பின் வரலாறு

1

எதார்த்தவாதம் பற்றி நம் பத்திரிகைகளில் நடந்த சண்டைகளில் கண்ணாடி எப்போதும் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்த ஒரு உருவகம். ‘இலக்கியம் காலத்தின் கண்ணாடி’ என்று ஒரு தரப்பு சொல்லும். ‘கண்ணாடிதான், ஆனால் கருத்தியல் ரசம் பூசிய கண்ணாடி’ என்று மறுதரப்பு சொல்லும். கண்ணாடியைப் பற்றி இரண்டு தரப்புமே யோசித்த மாதிரி தெரியவில்லை. எதிரே இருப்பதை அது காட்டும், இதுல என்ன இருக்கு என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்கள். கண்ணாடியை எண்களிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்த ஒரு கூட்டத்துக்கு இந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை. கணினி வரைகலைக்காரர்களைச் சொல்கிறேன்.

கணினிக்குள் ஒளி கிடையாது. ஒரு தரை பளபளக்க வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வதற்குப் பல உத்திகள் இருக்கின்றன. இந்தக் காட்சிக்கு எந்த உத்தி என்ற தேர்வு அரை நூற்றாண்டாக அந்தத் துறையின் அன்றாடப் பிரச்சினை. பாடப்புத்தகங்களில் இது வேகம், துல்லியம், நினைவகம் என்று ஒரு அட்டவணையாக வரும். பொய்யான உத்திகளிலிருந்து மெய்யான உத்திக்கு, எந்திரங்களின் வேகம் கூடக் கூட, படிப்படியாக முன்னேறினோம் என்ற கதையாடலும் கூடவே வரும்.

இந்தக் கதையாடலில் ஆண்டுகள் ஒத்துவரவில்லை. மெய்யான உத்தி 1980இலேயே அச்சில் வந்துவிட்டது. பிக்ஸார் நிறுவனம் முழுநீளப் படமொன்றை அதைப் பெரிய அளவில் நம்பி எடுக்க 2006 ஆயிற்று. வீட்டுக் கணினி விளையாட்டில் அது நுழைய 2018 ஆயிற்று. நடுவில் இருந்த கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பொய்தான் ஆண்டது. அதுவும் தெரியாமல் இல்லை, தெரிந்தே. ஏன்? எந்திரம் மெதுவாக இருந்தது என்பது பாதி விடை. மீதிப் பாதி ஒரு பிரதிநிதித்துவக் கேள்வியில் இருக்கிறது: கண்ணாடியில் யார் யார் வரலாம், யாரை விட்டுவிட்டால் பார்க்கிறவருக்குத் தெரியாது? ஒவ்வொரு உத்தியும் இந்தக் கேள்விக்குக் கொடுக்கப்பட்ட ஒரு விடை என்றே எனக்குப் படுகிறது.

2

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்து தொடங்கலாம். ஹனோயில் பிறந்த புய் துவோங் ஃபோங் என்ற வியட்நாமிய இளைஞர் அங்கே 1973இல் தன் ஆய்வேட்டை முடித்தார். 1975இல் அதன் சாரம் கட்டுரையாக வந்தது. அதே ஆண்டில் இறந்தும் போனார். வழவழப்பான ஒரு கோளத்தின் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு மின்னுமே, அதைக் கணக்கிடும் சூத்திரம் அவருடையது. அந்தப் பொட்டு என்னவென்று யோசித்துப் பார்த்தால் விளக்கின் பிரதிபிம்பம்தான் அது. கோளத்தைச் சுற்றி மேஜை இருக்கலாம், சுவர் இருக்கலாம், ஆட்கள் இருக்கலாம். யாருக்கும் அதன் மேல் இடமில்லை. விளக்குக்கு மட்டும் அனுமதி.

அடுத்த ஆண்டு, 1976இல், அதே யூட்டா வட்டத்தைச் சேர்ந்த ஜிம் ப்ளின்னும் மார்ட்டின் நியூவெலும் கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தார்கள். பொருளைச் சுற்றியுள்ள உலகத்தை ஒரு படமாக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது. கண்ணிலிருந்து வரும் பார்வை பொருளில் பட்டு எந்தத் திசையில் திரும்புகிறதோ அந்தத் திசையில் அந்தப் படத்தில் என்ன நிறம் என்று பார்த்து ஒட்டுவது. அவ்வளவுதான் சமாச்சாரம். சூழல் படம் என்று இதைச் சொல்லலாம். நியூவெல் தன் வீட்டுத் தேநீர்க் கெண்டியைப் பார்த்து எண்களாக்கி வைத்திருந்த உருவம், பிறகு இந்தத் துறையின் குலச்சின்னமே ஆகிப்போன அந்தக் கெண்டி, இந்த உத்தியில் பளபளத்தது.

இதில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. திசையை மட்டும் கேட்கிறார்கள், இடத்தைக் கேட்பதில்லை. அதாவது உலகம் எல்லையற்ற தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். அறையின் இந்த மூலையில் கெண்டியை வைத்தாலும் அந்த மூலையில் வைத்தாலும் அதன் மேல் தெரியும் ஜன்னல் மாறாது. பக்கத்தில் ஒரு கோப்பையை வைத்தால் அது தெரியாது. கெண்டியின் மூக்கு கெண்டியின் வயிற்றிலேயே தெரியாது. தூரத்து உலகம் முழுக்க வரலாம். பக்கத்து வீட்டுக்காரரும் தானும் வர முடியாது. இது ஏதோ கவனக்குறைவால் நேர்ந்த பிழை அல்ல. உத்தியின் விதியே இதுதான்.

3

டர்னர் விட்டட் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1980இல் அச்சான அவரது கட்டுரைதான் இன்று ரே ட்ரேசிங் என்று எல்லோரும் சொல்லும் முறையின் மூலப்பிரதி. இதற்கு ஒரு முன்னோடி உண்டு, ஐ.பி.எம்.மில் இருந்த ஆர்தர் ஆப்பெல் 1968லேயே நிழலைக் கண்டுபிடிக்கக் கதிர்களை எறிந்து பார்த்திருந்தார். விட்டட் அதைப் பிரதிபலிப்புக்கும் ஒளிவிலகலுக்கும் நீட்டினார். கண்ணிலிருந்து ஒரு கதிர் கிளம்புகிறது. பொருளில் படுகிறது. கண்ணாடி என்றால் அங்கிருந்து இன்னொரு கதிர். அது இன்னொரு கண்ணாடியில் பட்டால் மறுபடியும் ஒன்று. கதிர்கள் கிளைவிட்டு மரமாக வளர்கின்றன.

கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறது என்ற இந்த எண்ணம் நமக்குப் பழகியதுதான். யூக்ளிடும் தாலமியும் பார்வையை அப்படித்தான் விளக்கினார்கள். ஒளி வெளியிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் நிறுவிய பின் அது செத்துப்போன கோட்பாடு. செத்ததைக் கணினி எழுப்பி உட்கார வைத்தது சிக்கனத்துக்காக. விளக்கிலிருந்து கிளம்பும் கதிர்களில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வந்து சேர்வதேயில்லை. அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடுவது வீண். கண்ணிலிருந்து தொடங்கினால் தேவையானதை மட்டும் கேட்கலாம். ஆகவே மெய்யான உத்தி என்று நாம் சொல்வதற்குள்ளும் பார்வையாளரின் கண் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது.

விட்டட் படத்தில் கட்டம் போட்ட தரையின் மேல் இரண்டு கோளங்கள் மிதக்கின்றன. ஒன்றுக்குள் மற்றொன்று தெரிகிறது. சூழல் படத்தில் விடுபட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். விலை? 640க்கு 480 புள்ளிகள் கொண்ட அந்த ஒரு படத்துக்கு வாக்ஸ்-11/780 என்ற கணினி 74 நிமிடம் எடுத்துக்கொண்டது. சினிமாவுக்கு நொடிக்கு 24 சட்டகம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 சட்டகம். சட்டகத்துக்கு 74 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு எந்திரம் இடைவிடாமல் 24 ஆண்டுக்கு மேல் ஓட வேண்டும்.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தை 1987இல் ராபர்ட் குக், லோரன் கார்ப்பெண்டர், எட் கேட்மல் ஆகிய மூவர் எழுதினார்கள். ரேயஸ் என்ற அவர்களது படம்வரையும் அமைப்புதான் பிக்ஸார் நிறுவனத்தின் ரெண்டர்மேனுக்கு அஸ்திவாரம். ஒரு முழுப்படத்தை ஓராண்டில் வரைந்து முடிக்க வேண்டும். அப்படியானால் சட்டகத்துக்குச் சுமார் 3 நிமிடம். இதுதான் அவர்கள் தொடங்கிய இடம். அங்கிருந்து அவர்கள் எடுத்த முடிவு, கதிர்களைக் கூடியவரை தவிர்ப்பது. ஒரு கதிர் எங்கே போய் முட்டும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், ரே ட்ரேசிங்குக்கு முழு உலகமும் எந்நேரமும் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டும். ரேயஸ் பொருள்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வரைந்து, அனுப்பிவிடும். பிரதிபலிப்பைச் சூழல் படம் பார்த்துக்கொள்ளும். இயற்கைக் காட்சிகளில் ரே ட்ரேசிங் இல்லாமல் முடியாது என்கிற பொருள்கள் குறைவுதான் என்று அவர்கள் வெளிப்படையாகவே வாதிட்டார்கள்.

மெய்யை அறிந்தவர்கள் அவர்கள். குக்கும் கார்ப்பெண்டரும் தாமஸ் போர்ட்டரும் சேர்ந்து 1984இல் ரே ட்ரேசிங்கை விரித்து மங்கலான பிரதிபலிப்புகளைக் கூட வரைந்து காட்டியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களே மூன்று ஆண்டு கழித்துக் கதிர் வேண்டாம் என்கிறார்கள். முன்னேற்றக் கதையாடல் தடுக்கி விழுகிற இடம் இது.

4

ஜேம்ஸ் காமரூனின் ‘டெர்மினேட்டர் 2’ 1991இல் வந்தது. திரவ உலோகத்தாலான கொலைகாரன் மருத்துவமனையின் கட்டம் போட்ட தரையிலிருந்து எழுந்து நிற்கிறான். பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். அவன் உடம்பில் வழிந்த பிரதிபலிப்புகள் சூழல் படத்தின் வேலை. 1986இல் ‘ஃப்ளைட் ஆஃப் தி நேவிகேட்டர்’ படத்தின் வெள்ளி விண்கலத்திலும் இதே உத்திதான். அந்த உலோக மார்பில் அவன் சொந்தக் கை தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தட்டையான கண்ணாடியில் என்ன தெரிய வேண்டும் என்று நமக்குச் சுமாராகத் தெரியும். தினமும் அதன் முன்னால் நின்று தலை சீவுகிறோம். வளைந்த உலோகத்தில் என்ன தெரிய வேண்டும் என்று எவருக்கும் மனசால் கணக்குப் போட முடியாது. கோணல்மாணலாக, சூழலின் நிறத்தில், அசையும்போது கூடவே வழுக்கிக்கொண்டு ஏதோ ஒன்று இருந்தால் நாம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஆகவே உத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கு எழுதாத விதி ஒன்று இருந்தது: பொய் பிடிபடும் இடத்தில் மட்டும் மெய்யைச் செலவழி.

ரோலான் பார்த் 1968இல் ‘எதார்த்த விளைவு’ பற்றி எழுதினார். ஆப்பெல் கதிர் எறிந்த அதே ஆண்டு என்பது தற்செயல். ஃப்ளோபேரின் கதை ஒன்றில் பியானோவுக்கு மேலே காற்றழுத்தமானி ஒன்று இருக்கிறது. கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘நான் நிஜம்’ என்று சொல்வதற்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது என்றார் பார்த். உலோகத்தில் வழியும் பிரதிபலிப்பும் அப்படி ஒரு காற்றழுத்தமானிதான். எதைப் பிரதிபலிக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. பிரதிபலிக்கிறது என்பதைப் பார்க்கிறோம்.

2006இல் பிக்ஸாரின் ‘கார்ஸ்’ இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே போக வேண்டி வந்தது. கதாபாத்திரங்கள் எல்லாம் கார்கள். பளபளக்கும் உடம்போடு பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசுகின்றன. எதிரே நிற்கிறவர் என் உடம்பில் தெரியாவிட்டால் உரையாடலே பொய்யாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரை விலக்கிவைக்கும் உத்தி அக்கம்பக்கத்தைப் பற்றிய படத்துக்கு உதவாது. ரெண்டர்மேனுக்குள் ரே ட்ரேசிங்கைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் சிக்கனம் விடவில்லை. வளைவில் பட்டு விரிந்துபோகும் கதிர்களுக்கு நுணுக்கம் குறைந்த, மொத்தையான வடிவங்களே போதும் என்று கொடுத்தார்கள். எல்லோரும் கண்ணாடிக்குள் வந்தார்கள், ஆனால் எல்லோரும் முழு உருவத்தோடு வரவில்லை. பத்தாண்டு கழித்து 2016இல் ரேயஸ் அமைப்பே ரெண்டர்மேனிலிருந்து நீக்கப்பட்டது.

5

சினிமாவில் கண் இயக்குநருடையது. விளையாட்டில் கண்ணைத் திருப்புவது விளையாடுகிறவர். பொய்யைப் பிடிக்கும் அதிகாரம் அதனால் கைமாறியது.

1996இல் வந்த ‘சூப்பர் மரியோ 64’இல் ஒரு கண்ணாடி அறை உண்டு. அங்கே கண்ணாடியே கிடையாது. சுவருக்கு அந்தப்பக்கம் தலைகீழ் இடவலமாக இன்னொரு அறை கட்டி, அதில் இன்னொரு மரியோவை நடக்கவிட்டிருக்கிறார்கள். அந்த விளையாட்டில் நம் பார்வைக்கு ஒரு ஆள் உருவம் உண்டு: மேகத்தில் மிதந்தபடி காமிராவைத் தூக்கிக்கொண்டு வரும் லாகிட்டு. கண்ணாடியில் அவனும் தெரிவான். பார்க்கிற கண்ணையே பிரதிக்குள் சேர்த்துவிட்ட அபூர்வமான கண்ணாடி இது. அதே ஆண்டின் ‘ட்யூக் நியூகெம் 3டி’யில் கண்ணாடி வைக்க வேண்டுமானால் அதன் பின்னால் பெரிதாக ஒரு வெற்றிடத்தை ஒதுக்கித் தர வேண்டும். பிம்பம் குடியிருக்க நிலம் வேண்டும் என்கிற மாதிரி. தட்டையான பரப்புக்கு மட்டும் ஒத்துவரும் இந்த முறையில் உலகத்தை இரண்டு தடவை வரைய வேண்டியிருந்தது. ஒரு குளம் என்றால் சரி. பத்துக் குளங்கள் என்றால் கட்டுப்படியாகாது.

சூழல் படத்தைக் கனசதுரத்தின் ஆறு முகங்களாக மாற்றலாம் என்று 1986இல் நெட் க்ரீன் எழுதினார். 1999இல் ஜீஃபோர்ஸ் 256 என்ற வரைகலை அட்டை அதை வன்பொருளிலேயே கொண்டுவந்தது. கெண்டியின் பழைய விதி அப்படியே வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது.

பிறகு வந்ததுதான் கோட்பாட்டு ரீதியில் மிக விசித்திரமான உத்தி. 2011இல் க்ரைடெக் நிறுவனம் ‘க்ரைசிஸ் 2’ விளையாட்டில் கொண்டுவந்த திரைவெளிப் பிரதிபலிப்பு. தரையில் என்ன தெரிய வேண்டும் என்பதற்கான விடையை, ஏற்கனவே வரைந்து முடித்த திரைப் படத்துக்குள்ளேயே தேடுவது. உலகத்தைத் திரும்ப வரைய வேண்டியதில்லை. தூணின் அடியில் தூண் தெரியும், சுவரின் அடியில் சுவர் தெரியும், தரையில் பொருள்கள் சரியாக ஊன்றி நிற்கும். மலிவு. ஆனால் திரையில் இல்லாதது எதுவும் இந்த உத்திக்கு உலகத்திலேயே இல்லை. ஏரியில் மலை தெரிகிறது. பார்வையைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் மலையுச்சி திரையை விட்டு வெளியேறும், உடனே தண்ணீரிலிருந்தும் மறைந்துபோகும். காண்பவர் காணாததற்கு இருப்பு கிடையாது என்ற கருத்துமுதல்வாதத்தை இவ்வளவு சுத்தமாக எந்தத் தத்துவவாதியும் நிரல் எழுதிக் காட்டியதில்லை.

ஓவியத்தின் இரண்டு புகழ்பெற்ற கண்ணாடிகளை இந்த உத்தியிடம் கொடுத்துப் பார்ப்போம். யான் வான் ஐக்கின் ‘அர்னோல்ஃபினி’ ஓவியத்தில் (1434) பின்சுவரில் ஒரு குவியாடி. அதில் தம்பதியின் முதுகுகள் தெரிகின்றன. ஓவியத்தின் சட்டகத்துக்கு வெளியே, வாசலில் நிற்கும் இரண்டு பேர் தெரிகிறார்கள். வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தில் (1656) கண்ணாடியில் தெரிவது அரசனும் அரசியும். அவர்கள் நிற்பது சட்டகத்துக்கு இந்தப்பக்கம், நாம் நிற்கும் இடத்தில். இந்தக் கண்ணாடியை வைத்துத்தான் ஃபூக்கோ 1966இல் தன் நூலைத் தொடங்கினார். திரைவெளி உத்தியால் இரண்டில் ஒன்றையும் வரைய முடியாது. அதற்கு முதுகுகள் தெரியாது, வாசல் தெரியாது, அரசனையும் தெரியாது. பார்வைக்கு வெளியே இருப்பவரைப் பார்வைக்குள் கொண்டுவருவதுதான் அந்த ஓவியர்களுக்குக் கண்ணாடியின் வேலையாக இருந்தது. திரைவெளி உத்தி அந்த வேலையை மட்டும் கழித்துவிட்டு, பளபளப்பை வைத்துக்கொண்டது.

விளையாடுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆகவே உத்திகளை வரிசையாக அடுக்கும் வழக்கம் வந்தது: முதலில் திரையில் தேடு, கிடைக்காவிட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் கனசதுரப் படத்தைக் கேள், அதுவும் இல்லாவிட்டால் வானத்தின் நிறத்தைப் பூசு. ஒரே குட்டையின் நீரில் மூன்று கோட்பாடுகள் ஒட்டுப்போட்டுக் கிடக்கும். ஒட்டு தெரியாமல் மழுப்புவதுதான் திறமை.

6

2018இல் என்விடியாவின் டூரிங் வரைகலை அட்டைகள் கதிர்களுக்கென்றே தனி வன்பொருளோடு வந்தன. அந்த ஆண்டே ‘பேட்டில்ஃபீல்ட் 5’ விளையாட்டில் ரே ட்ரேசிங் பிரதிபலிப்பு வந்தது. விளம்பரக் காட்சியில் அவர்கள் எதைக் காட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது: திரைக்கு வெளியே எரியும் தீ, திரைக்குள் நிற்கும் காரின் மேல் தெரிகிறது. வான் ஐக்கின் வாசல்காரர்கள் ஆறு நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்தார்கள் என்று சொல்லலாம்.

அதே ஆண்டு ‘ஸ்பைடர்மேன்’ விளையாட்டு வெளிவரும் முன்பே ஒரு கலாட்டா. முதலில் காட்டிய காட்சியில் தரையில் தேங்கியிருந்த தண்ணீர் பிறகு வந்த காட்சியில் சிறுத்துவிட்டது, தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் சண்டைக்கு வந்தார்கள். குட்டையின் அளவைத்தான் மாற்றினோம் என்றது தயாரித்த நிறுவனம். பிற்பாடு, படம் பிடித்து அலங்கரிக்கும் வசதியில் குட்டை ஸ்டிக்கர்களையே சேர்த்துக் கிண்டல் செய்தது. குட்டையில் என்ன தெரிந்தது என்று சண்டைபோட்டவர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பார்த்தின் காற்றழுத்தமானியைப் பியானோவுக்கு மேலேயிருந்து எடுத்துவிட்டார்கள். வாசகர்கள் கணக்குக் கேட்டார்கள்.

கதிர் வந்துவிட்டதே, இனி எல்லோரும் கண்ணாடியில் உண்டா? 2020இல் வந்த ‘சைபர்பங்க் 2077’ நகரமெங்கும் கண்ணாடியும் ஈரத்தரையுமாக மின்னும் விளையாட்டு. ரே ட்ரேசிங் உண்டு. கடை ஜன்னலில் வண்டிகள் தெரியும், வழிப்போக்கர்கள் தெரிவார்கள். எதிரே நிற்கிற நாம் தெரிய மாட்டோம். நம் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியை ஒரு எந்திரம் போல முடுக்கிவிட வேண்டும். கண்ணாடியின் முன்தான் ‘நான்’ உருவாகிறது என்றார் லக்கான். இங்கே ‘நான்’ என்பது அனுமதி பெற்றுத் திறக்கும் ஒரு வசதி. 1976இன் கெண்டிக்குத் தன் மூக்கு தெரியாததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

கதிரே சுத்தமாக இல்லை என்பது இன்னொன்று. நொடிக்கு 60 சட்டகம் வேண்டும் என்கிற அவசரத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு கதிர். சமயத்தில் அதுவும் கிடையாது. அவ்வளவு குறைந்த சாட்சியத்தில் கிடைப்பது படமல்ல, புள்ளிப்புள்ளியான இரைச்சல். அக்கம்பக்கப் புள்ளிகளையும் முந்திய சட்டகங்களையும் வைத்து இரைச்சலை நிரவி எடுக்க வேண்டும். 2023இல் இந்த நிரவும் வேலையை என்விடியா ஒரு நரம்பு வலைப்பின்னலிடம் கொடுத்தது. ஏராளமான படங்களைக் கொடுத்துப் பயிற்றப்பட்ட அந்த வலை, கதிர்கள் சொல்லாமல் விட்ட இடங்களை நிரப்புகிறது. வழக்கமாகக் கண்ணாடிகளில் என்ன தெரியுமோ அதை.

இது புது நிலைமை என்று நினைக்கிறேன். கெண்டியின் மூக்கு விடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கட்டுரையைப் படித்தால் அந்த அனுமானம் அங்கேயே இருக்கும். ரேயஸ்காரர்கள் எதை வேண்டாம் என்றார்கள், ஏன் என்றார்கள் என்பது அச்சில் இருக்கிறது, மறுத்து வாதிடலாம். மலையுச்சி தண்ணீரிலிருந்து மறைந்தபோது எந்த விதியால் மறைந்தது என்று விரலால் சுட்ட முடிந்தது. விலக்கியவரும் தெரியும், விலக்கப்பட்டவரும் தெரியும். பயிற்றப்பட்ட யூகம் யாரையாவது விட்டுவிட்டால் அல்லது இல்லாத ஒன்றைச் சேர்த்துவிட்டால், அதைத் தீர்மானித்தவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம். விடுபட்ட இடம் ஓட்டையாகவும் தெரியாது. பொருத்தமான, வழக்கமான ஏதோ ஒன்று அங்கே இருக்கும்.

கண்ணாடியை உருவகமாக வைத்துச் சண்டை போட்ட நமக்கு இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. எதார்த்தம் எதைக் காட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அதைக் கட்டுகிறவர்கள் எப்போதுமே வேறொன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: இந்த வாசகர் எதைச் சரிபார்க்க மாட்டார்? அந்தக் கேள்விக்கான விடைகள் மாறியதெல்லாம் வாசகர்கள் சரிபார்க்கத் தொடங்கிய இடங்களில்தான். திரைவெளி உத்தியின் குட்டை அம்பலப்படுத்தியவர்கள் நிபுணர்கள் மட்டுமல்ல. ஏரிக்கரையில் நின்றுகொண்டு, விளையாட்டை மறந்து, பார்வையை மேலும் கீழும் சாய்த்து மலை தண்ணீரில் இருக்கிறதா போய்விட்டதா என்று வேலைமெனக்கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும்தான்.